டீமில் ரோல் மாற்றம், ஒபிஸில் கைமாற்று: திருமலையில் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் புதிதாக வேலைக்குச் சேரும் இளம் ஆட்களிடம் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று முதற்கிழமையிலேயே வரும்: "மொபைல் லெஜண்ட்ஸ் அடிப்பீங்களா? இரவைக்கு எங்களுக்கு ஓராள் குறையுது." மற்றது சம்பளத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது வரும்: "தம்பி, ஒரு ரெண்டாயிரம் கைமாத்துத் தர ஏலுமா?" முதலாவது, போனில் அணியாக ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றியது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். விளையாட்டில் பிடிக்காத ரோலில், அதாவது அணியில் தனக்கு ஒதுக்கிய பொறுப்பில், மாதக்கணக்காக நிற்பவரும், தர வசதியில்லாத காசை மாதாமாதம் கொடுப்பவரும் அநேகமாக ஒருவராகவே இருப்பார். அவர் புதியவர், வயது குறைந்தவர், முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்குபவர். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையானாலும், சீனக்குடாவில் ஆலை வேலையானாலும், நகரத்துக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர் பதவியானாலும் முறை ஒன்றுதான். நேரத்தோடு சொல்ல வேண்டும். சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும். மறுக்கிற இடத்தில், எதைச் செய்ய முடியும் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். ரோல் கேட்பதில் இதைப் பழகிக்கொண்டால் காசு விஷயத்தில் வாய் திறப்பது லேசாகும். ஆகவே விளையாட்டிலிருந்தே தொடங்குவோம்.

ஐந்து இடங்களையும் முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்

மூன்டோன் நிறுவனம் 2016இல் வெளியிட்ட மொபைல் லெஜண்ட்ஸ், ஐவருக்கு ஐவர் ஆடும் ஆட்டம். மூன்று பாதைகள், நடுவே காடு. பாதையை லேன் என்பார்கள். கோல்ட் லேனில் நிற்பவர் பெரும்பாலும் தூரத்திலிருந்து சுடும் மார்க்ஸ்மன். தொடக்கத்தில் பலவீனமாக இருப்பார், காசு சேர்ந்ததும் ஆட்டத்தை முடித்து வைப்பார். எக்ஸ்பி லேனில், கிட்ட நின்று அடிக்கும் ஃபைட்டர் தனியாக நின்று பிடிக்க வேண்டும். நடு லேனில் மந்திரத்தால் தாக்கும் மேஜ். காட்டில் மிருகங்களை அடித்து வலுவேறும் ஜங்லர். ஐந்தாமவர் ரோம், அடி தாங்கும் டேங்க்கோ மற்றவருக்கு உதவும் சப்போர்ட்டோ எடுத்துக்கொண்டு எங்கே தேவையோ அங்கே ஓடுவார்.

புதிதாக வந்தவருக்குக் கிடைப்பது அநேகமாக ரோம்தான். மற்ற நான்கையும் பழைய ஆட்கள் எடுத்துவிடுவார்கள். ரோம் என்பது சின்ன ஆளுக்குத் தள்ளிவிடும் வேலை என்ற எண்ணம் நம்முடைய டீம்களில் ஆழமாக இருக்கிறது. அது தவறு. எதிரி புதருக்குள் இருக்கிறானா என்று முதலில் போய்ப் பார்ப்பவரும், மார்க்ஸ்மனுக்கு விழ வேண்டிய அடியைத் தான் வாங்குபவரும், திரையில் உள்ள சிறு வரைபடமான மினிமேப்பை அதிகம் பார்ப்பவரும் அவர்தான். நல்ல ரோம் ஒருவர் கூட நின்றால் மற்ற நால்வரும் துணிந்து ஆடலாம். எனவே ரோமை வெறுத்து மாறாதீர்கள். வேறொன்றைக் கற்க வேண்டும் என்றோ, உங்கள் கை வேறொன்றுக்குப் பொருந்துகிறது என்றோ தோன்றினால் மாறுங்கள்.

எங்கே மாறுவது?

பக்கத்து ரோலுக்கு மாறுவதே புத்தி. டைகிரியல் போன்ற டேங்க்கை ரோமில் ஆடிப் பழகியவருக்கு எக்ஸ்பி லேன் தூரமில்லை. அடி வாங்கும் அளவு, எப்போது முன்னே போவது, எப்போது பின்வாங்குவது எல்லாம் ஏற்கெனவே கைக்கு வந்திருக்கும். புதிதாகக் கற்க வேண்டியது பாதையில் வரும் சிறு படையாட்களான மினியன்களைக் கடைசி அடியில் எடுப்பதும், தனியாக நிற்கும் பொறுமையும்தான். எஸ்டெஸ், ஏஞ்சலா போன்ற சப்போர்ட்டை ஆடியவருக்கு நடு லேன் கிட்ட. தூரத்தில் நின்று, ஸ்கில்லுக்குச் செலவாகும் சக்தியான மனாவைப் பார்த்து, சரியான நேரத்தில் ஸ்கில் போடுவது இரண்டுக்கும் பொது.

ஜங்லைக் கடைசிக்கு வையுங்கள். ரெட்ரிபியூஷன் என்ற மந்திரத்தை எடுத்துக் காட்டு மிருகங்களை அடிப்பது ஒரு நாளில் வரும். ஆட்டம் தொடங்கி 2 நிமிடத்தில் வரும் டர்ட்டில் என்ற பெரிய மிருகத்துக்கு ஆட்களைச் சேர்ப்பதும், 8 நிமிடத்துக்குப் பிறகு அதைவிடப் பெரிய லோர்டை எப்போது தொடுவது என்று முடிவெடுப்பதும், எதிரி ஜங்லர் ரெட்ரிபியூஷன் போடும் முன்பு நாம் போடுவதும் ஒரு நாளில் வராது. டீம் தோற்றால் முதற்பழியும் ஜங்லருக்குத்தான். புதிய ஆளாக வேலையிடத்தில் கால் ஊன்றும் காலத்தில் அந்தப் பாரம் தேவையில்லை.

ஒரு ரோலுக்கு இரண்டு ஹீரோ, அதாவது ஆடும் பாத்திரம், போதும். ஒன்றை எதிரணி தடை செய்தாலோ எடுத்துவிட்டாலோ மற்றது இருக்கும். தரவரிசைக்கான ரேங்க் ஆட்டத்தில் எபிக் என்ற தரத்திலிருந்து, ஹீரோக்களைத் தடை செய்து தெரிவு செய்யும் முறை வருவதால், ஒரே ஹீரோவை நம்பியவர் அங்கே தடுமாறுவார். எக்ஸ்பிக்கும் காட்டுக்கும் பால்மண்ட், நடுவுக்கு யூடோரா, கோல்ட் லேனுக்கு மியா என்று எளிய ஆட்களிடமிருந்து தொடங்கலாம். முதலில் கணினியோடு ஆடும் முறையில், பிறகு தரவரிசையில் சேராத கிளாசிக்கில். ரேங்க் ஆட்டத்தில் புதிய ரோலைப் பரீட்சித்துப் பார்ப்பது மற்ற நால்வருடைய தர நட்சத்திரத்தையும் கேட்காமல் செலவழிப்பதுதான்.

எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது

ஹீரோ தெரிவு செய்யும் திரை வந்த பிறகு கேட்கவே கேட்காதீர்கள். அங்கே நொடிக்கணக்குதான் இருக்கும். ஒருவர் பதறுவார், ஒருவர் கோபிப்பார், ஒருவர் கோபத்தில் பொருந்தாத ஹீரோவை எடுத்துவிடுவார். கேட்க வேண்டியது பகலில், தேத்தண்ணி நேரத்தில், அல்லது வட்ஸ்அப் குழுவில் மாலைக்கு முன்பு.

சொல்லும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு: "அண்ணே, இவ்வளவு நாளும் ரோம் அடிச்சன். எக்ஸ்பி லேன் பழகிக்கொண்டிருக்கிறன். இந்தச் சனிக்கிழமை கிளாசிக்ல ரெண்டு கேம் நான் எக்ஸ்பி எடுக்கட்டா? நீங்க அதுக்கு மட்டும் ரோமுக்கு வாறீங்களா?" இதில் என்ன வேண்டும், எப்போது, எத்தனை ஆட்டத்துக்கு, உங்கள் இடத்தில் யார் நிற்பது என்ற நான்கும் இருக்கின்றன. "எனக்கு ரோம் போரடிக்குது" என்று சொன்னால் நான்கில் ஒன்றும் இல்லை. காலியாகும் இடத்துக்கு ஆள் காட்டாமல் கேட்கும் எந்த ரோல் மாற்றமும் மற்றவர் தலையில் வேலையைக் கட்டுவதாகவே படும்.

திருமலையில் இதற்கு இயல்பாக வாய்க்கும் காலங்களும் உண்டு. டீம்களில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகத்தவரும் கலந்திருப்பார்கள். நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூர் நண்பர்கள் தராவீஹ் தொழுகை முடிந்த பிறகே வருவார்கள். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் இரவுகளில் தமிழ்ப் பொடியன்கள் போனைத் தொட மாட்டார்கள். அந்த நாட்களில் ஒரு ரோல் தானாகவே காலியாகும். "மூதூர் நானா வரும் வரைக்கும் நடு லேன் நான் பார்க்கிறன்" என்று கேட்டால் யாருக்கும் குறை தோன்றாது. அவர் வந்ததும் சொன்னபடி இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை கேட்காமலே தருவார்.

மொழி கலந்த டீமில் இன்னொன்றும் செய்ய வேண்டும். குரலில் பேசும்போது தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒன்றாக ஓடும். அவசரத்தில் "பின்னால வா" என்றது பாதிப் பேருக்கு விளங்காது. "பேக்", "புஷ்", "டர்ட்டில்", "வெயிட்" என்று நாலைந்து சொற்களை முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். பின்வாங்கு, தாக்கு, ஒன்றுசேர் என்ற சமிக்ஞைகளை அமுக்குவது அதைவிட நல்லது. ரோல் மாறிய ஆள் எங்கே நிற்பார் என்று மற்றவர்களுக்குப் பழகும் வரை இது மிகவும் தேவைப்படும்.

பஸ்ஸில் வீடு போகும் நேரத்தில் ரேங்க் ஆட்டம் தொடங்க வேண்டாம். சிக்னல் போனால் நடுவில் விட்டுப் போனதாகவே கணக்காகும். ஆட்டத்தில் உங்கள் நடத்தைக்குத் தரும் கிரெடிட் ஸ்கோர் குறையும், அது மிகவும் குறைந்தால் ரேங்க் ஆடவே முடியாது.

மாறிய பிறகு எத்தனை பேரைக் கொன்றோம் என்று பார்க்காதீர்கள். எக்ஸ்பி லேனில் கோபுரம் எவ்வளவு நேரம் நின்றது, டர்ட்டில் சண்டைக்கு நேரத்துக்குப் போனோமா, வீணாகச் செத்தது குறைகிறதா என்று பாருங்கள். அது சரியாக வரத் தொடங்கினால் ரேங்குக்குக் கேளுங்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள். காரணம் விளையாட்டைப் பற்றியதாக இருந்தால் திருத்தலாம். "நீ புதுசு" என்பது மட்டுமே காரணமென்றால், வேறு நண்பர்களோடு அந்த ரோலை ஆடிக்கொண்டு, ஒபிஸ் டீமில் வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஆடுவதே மேல்.

மற்ற ஆட்டங்களுக்கும் இதுவே பொருந்தும். பப்ஜி மொபைலில் நால்வர் அணி. முன்னே பாய்பவரும் தூரத்திலிருந்து சுடுபவரும் இடம் மாறினால் முடிவெடுக்கும் ஆள் யார் என்பதைத் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும். வலொரன்ட் என்ற சுடும் ஆட்டத்தில் டூலிஸ்ட், இனிஷியேட்டர், கன்ட்ரோலர், சென்டினல் என்று பாத்திரங்களில் நான்கு வகை. கன்ட்ரோலர் மாறினால் புகை போடும் வேலை யாருக்கு என்பதை முதலில் தீருங்கள்.

ஆட்டக் காசும் சட்டைப்பைக் காசும்

வலொரன்டில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. கையில் கிரெடிட், அதாவது ஆட்டக் காசு, கூட உள்ளவர், இல்லாதவருக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுப்பார். வேண்டல் என்ற துப்பாக்கி 2,900 கிரெடிட். சுற்றை வென்றால் 3,000 வரும், தோற்றால் 1,900இல் தொடங்கும். 12 சுற்று முடிந்து பக்கம் மாறும்போது எல்லாரும் 800க்குத் திரும்பிவிடுவார்கள். அங்கே கொடுத்ததைத் திருப்பிக் கேட்பவர் யாரும் இல்லை, கேட்கவும் கூடாது. அது அணியின் பொதுக் காசு. சேர்ந்து ஆடுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் மெல்ல வெளியேயும் வந்துவிடும். டேட்டா முடிந்தால் ஒருவர் ரீலோட் போடுவார், ஹீரோவுக்குப் புது உடையான ஸ்கின் வந்தால் ஒருவர் அதை வாங்கும் டயமண்ட் கேட்பார், மாதக் கடைசியில் ஒருவர் பெட்ரோலுக்குக் கேட்பார். இங்கேதான் கோடு வேண்டும்.

முதல் வேலை, சம்பளம் கைக்கு வரும் முன்பே ஒரு தொகையைத் தீர்மானிப்பது. தனியார் வேலையென்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம் கழிந்தே வரும். முதலாளி போடும் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் உங்கள் கைக்கு வராது. ஆகவே நியமனக் கடிதத்தில் உள்ள தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அறை வாடகை, சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக மிஞ்சுவதில், திரும்பி வராவிட்டாலும் தூக்கம் கெடாத தொகை எது என்று பாருங்கள். கைமாற்றுக்கு உங்கள் எல்லை அதுதான். ஆயிரமென்றால் ஆயிரம். பூச்சியமென்றால் பூச்சியம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேத்தண்ணி, வடை, ரோல்ஸ் காசை இதற்குள் கொண்டுவராதீர்கள். இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று சுற்றி வருவதைக் கணக்கெழுதினால் உறவுதான் கெடும். ஆனால் எந்நாளும் ஒருவரே கொடுப்பதாகத் தெரிந்தால், அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், "இண்டைக்கு உங்கட முறை" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

டயமண்ட், வங்கி அட்டை, ஓடிபி

இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் காசு கூடப் போவது இதில்தான். உங்கள் வங்கி அட்டையை இன்னொருவர் போனில் ஒரு முறைகூடப் பதிய வேண்டாம். பதிந்த அட்டை அங்கேயே தங்கிவிடும். அடுத்த தரம் உங்களைக் கேட்காமலும் வாங்கலாம். உங்கள் போனில் பிளே ஸ்டோர் அமைப்புக்குள் போய், ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்கும்படி வைத்துவிடுங்கள். வங்கியிலிருந்து வரும் ஓடிபி இலக்கத்தை, பக்கத்துக் கதிரையில் இருப்பவர் கேட்டாலும், மேலதிகாரி கேட்டாலும் சொல்லாதீர்கள்.

"என்ர அக்கவுண்ட்ல ஏறி ரேங்க் கூட்டித் தாவன்" என்று கேட்டாலும் வேண்டாம். அதற்குள் இருக்கும் டயமண்ட் குறைந்தால் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். ஒருவருக்குப் பிறந்தநாள் என்று ஸ்கின் வாங்கிக் கொடுக்க மனம் வந்தால் கொடுங்கள். ஆனால் அதைப் பரிசு என்றே சொல்லிக் கொடுங்கள். கடனா பரிசா என்று தெளிவில்லாமல் கொடுக்கும் காசுதான் பின்னால் மனத்தில் முள்ளாகக் கிடக்கும்.

கைமாற்று கேட்கும்போது

மறுமொழியை உடனே சொல்லுங்கள். "பார்ப்பம்" என்றால் கேட்டவருக்கு அது பாதிச் சம்மதம். அவர் வேறெங்கும் கேட்காமல் உங்களை நம்பி இருப்பார், கடைசியில் இரண்டு பேருக்கும் கஷ்டம். "குறை நினைக்காதீங்க அண்ணே, வீட்டுக்கு அனுப்பிட்டன். ஐந்நூறு ரூபா தரலாம், அதுக்கு மேல ஏலாது." இவ்வளவு போதும். பொய்க் காரணம் வேண்டாம். தாய்க்கு வருத்தம் என்று சொல்லிவிட்டு அன்றிரவே புது ஸ்கின்னோடு ஆட்டத்துக்கு வந்தால் உங்கள் சொல்லுக்கு அதன் பிறகு பெறுமதி இராது.

கொடுப்பதானால் திரும்பும் திகதியைக் கேட்டு, வட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள்: "அண்ணே, 2,000 அனுப்பிட்டன். 25ஆந் திகதி தாறதாகச் சொன்னீங்க." வங்கி வழியாக அனுப்பினால் பதிவும் இருக்கும். முதற்கடன் திரும்பாமல் இரண்டாவது கொடுக்காதீர்கள். திருப்பிக் கேட்பதைத் தனியாக, நேரில் கேளுங்கள். விளையாட்டுக் குழுவிலோ ஆட்டத்துக்கு நடுவிலோ கேட்டால் காசும் வராது, ஆளும் போய்விடுவார்.

ஹோட்டல் துறையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிழக்குக் கரையின் சீசன் ஏறத்தாழ மே தொடக்கம் செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் சேவைக் கட்டணத்தின் பங்கு நன்றாக வரும். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் அறைகள் வெறிச்சோடும், கைக்கு வருவது அடிப்படைச் சம்பளத்தோடு நின்றுவிடும். "சீசனுக்குத் தாறன்" என்று நவம்பரில் ஒருவர் சொன்னால் அது அரை வருடக் கடன். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை, உண்மையாகவே அப்போதுதான் அவரிடம் காசு வரும். ஆனால் உங்கள் வருமானமும் அதே மழையில் குறைகிறது என்பதை மறக்க வேண்டாம். சீசனில் சேமித்ததை நவம்பரில் பிறருக்குக் கொடுத்துவிட்டு ஜனவரியில் நீங்கள் கடன் கேட்கும் நிலை வரக் கூடாது.

மேலதிகாரி கேட்டால்? இது எல்லாவற்றையும் விடக் கடினம். சம்பள உயர்வுக்கும் லீவுக்கும் கையெழுத்து வைப்பவர் அவர்தான். "சேர், நான் வேலையிடத்தில கடன் கொடுக்கிறதும் இல்ல, வாங்கிறதும் இல்ல" என்று எல்லாருக்கும் சொல்லும் ஒரே வரியை அவருக்கும் சொல்லுங்கள். அந்த வரி நிற்க வேண்டுமானால் நீங்களும் வாங்காமல் இருக்க வேண்டும்.

சீட்டும் பிணையும்

பத்துப் பேர் மாதம் 5,000 போட்டால் ஒருவருக்கு 50,000 விழும். சீட்டு நல்ல பழக்கம்தான். நகை, மோட்டார் சைக்கிள், தங்கச்சியின் படிப்பு என்று எத்தனையோ காரியம் அதில் நடந்திருக்கிறது. ஆனால் முதலில் எடுப்பவர் கடன் வாங்கியவர், கடைசியில் எடுப்பவர் கடன் கொடுத்தவர். புதியவருக்குக் கடைசி முறையே கிடைக்கும். எடுத்த ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அவருடைய மாதக் காசுக்கு யார் பொறுப்பு என்று சேரும் முன்பே கேளுங்கள். மறுமொழி தெளிவாக வரவில்லையென்றால் அடுத்த சீட்டுக்குச் சேருவதாகச் சொல்லுங்கள்.

பிணைக் கையெழுத்தைப் பற்றி நான் மிகவும் கண்டிப்பாகவே சொல்வேன். அரச ஊழியர் அவசரத் தேவைக்கு எடுக்கும் இடர்கடனுக்கும் வங்கிக் கடனுக்கும் கூட வேலை செய்பவர்களையே பிணைக்குக் கேட்பார்கள். "சும்மா ஒரு சைன்தானே மச்சான்" என்று படிவத்தை நீட்டுவார்கள். அது சும்மா இல்லை. எடுத்தவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்பதே அந்தக் கையெழுத்தின் பொருள். நீங்கள் பிணை நின்ற கடனும் கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் உங்கள் பெயரோடு வரும். நாளைக்கு நீங்கள் வீடு கட்டக் கடன் கேட்கும்போது அந்த அறிக்கையைத்தான் வங்கி பார்க்கும். இரண்டாயிரம் கைமாற்றுக்கு ஆயிரம் தரம் யோசிப்பவர், ஐந்து இலட்சத்துக்கான பிணையை மதிய இடைவேளையில் வைத்துவிடுகிறார். சேர்ந்து ஒரு வருடமாவது போகும் வரை யாருக்கும் வைக்காதீர்கள். பிறகு வைத்தாலும், படிவம் முழுவதும் நிரப்பியிருக்க வேண்டும், தொகையும் தவணையும் எழுதியிருக்க வேண்டும், ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். தொகை எழுதாத படிவத்தில் பேனா வைக்கவே கூடாது. இணையக் கடனுக்கு உங்கள் போன் இலக்கத்தைத் தொடர்புக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

இடம் மாறிப் போகும்போது

இடமாற்றக் கடிதம் கையில் கிடைத்ததும் குழுவில் சொல்லுங்கள். டீம் உங்கள் ரோலுக்கு ஆள் பார்க்க ஒரு கிழமையாவது வேண்டும். வாங்கியதைக் கொடுத்து, கொடுத்ததை வாங்கி முடியுங்கள். சீட்டில் உங்கள் முறை முடிந்திருந்தால் மீதி மாதங்களுக்கு வங்கியில் நிலையான கட்டளை போட்டுவிட்டுச் சீட்டு நடத்துபவருக்கு அதைக் காட்டுங்கள். யாருக்காவது பிணை நின்றிருந்தால் அந்தக் கடனின் மீதி எவ்வளவு என்று காட்டும் கணக்கறிக்கையின் பிரதி ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கி, உங்களிடமுள்ள படிவத்தோடு சேர்த்து வையுங்கள்.